தனிநாயகம் அடிகளார்: அயல்நாட்டில் தம்மைக் கண்டுகொண்ட மாணவர்



சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று நெடுஞ்சாலையோரம் வாழும் நம் குடும்பங்களில் பல, தொழிற்சாலை வேலையை நம்பி வாழ்பவை. ஷிப்டு முறையில் உழைக்கும் தந்தை, நகையை அடகு வைத்தும் வங்கியில் கடன் வாங்கியும் மகனையோ மகளையோ வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிறார். புறப்படும் முன் ஆலயத்திற்கு வந்து ஆசீர் பெறுகிறார்கள். விமானம் ஏறிய பிறகுதான் பெற்றோரின் உள்ளத்தில் கேள்விகள் எழுகின்றன. பிள்ளை என்ன சாப்பிடுவான்? யாரோடு பழகுவான்? ஞாயிறு திருப்பலிக்குப் போவானா? படித்து முடித்த பிறகும் நம் பிள்ளையாகவே இருப்பானா?

இக்கேள்விகளுக்கு ஒரு மனிதரின் வாழ்வு விடை தருகிறது. உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடுகளுக்கு வித்திட்டவர் என்று தமிழுலகம் போற்றும் அருட்தந்தை சேவியர் தனிநாயகம் அடிகளாரே அவர். அவரை அறிஞராக நாம் அறிவோம். அயல்நாட்டில் தங்கிப் படித்த மாணவராக அவரை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையின் கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் பயின்றார். பின்னர் கொழும்பு புனித பெர்நார்து குருமடத்தில் சேர்ந்து மெய்யியல் கற்றார். 1934ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில், இறையியல் படிக்க உரோமை நகருக்குச் சென்றார்.

அங்கு அவர் சேர்ந்த உர்பானியானா கல்லூரி, திருத்தந்தை எட்டாம் உர்பான் 1627ஆம் ஆண்டு நிறுவியது. மறைபரப்பு நாடுகளிலிருந்து வரும் மாணவர்களைக் குருக்களாக உருவாக்குவதே அதன் நோக்கம். ஆப்பிரிக்கர், சீனர், அரேபியர், இந்தியர் எனப் பல இனத்தவரும் ஒரே கூரையின்கீழ் தங்கி, ஒரே மேசையில் உண்டு, ஒரே பீடத்தின்முன் செபித்தனர். வகுப்பறையில் இலத்தீன், வெளியே இத்தாலியம் என்ற நிலை. பனைமரங்களும் கடற்காற்றும் சூழ்ந்த தீவிலே பிறந்த இளைஞருக்கு அந்தக் குளிரும் உணவும் ஓசைகளும் தொடக்கத்தில் எளிதாக இருந்திருக்காது என்பதை நாமே உணரலாம். அக்காலத்தில் வீட்டோடு பேசக் கைப்பேசி ஏது? பெரும்பாலும் கடிதத்தையே நம்பியிருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட சூழலில் அவர் என்ன செய்தார்? முதலில், சென்ற இடத்தின் மொழியைக் கற்றார். இலத்தீனும் இத்தாலியமும் மட்டுமல்ல, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் ஆகிய மொழிகளையும் காலப்போக்கில் தமதாக்கிக்கொண்டார். இரண்டாவதாக, தம்மைப் போலத் தமிழ் பேசும் மாணவர்களோடு சேர்ந்து, உரோமையிலேயே வீரமாமுனிவர் கழகம் என்ற அமைப்பைத் தோற்றுவித்தார்.

இந்தப் பெயரில் ஆழ்ந்த பொருள் உண்டு. வீரமாமுனிவர் 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். தமிழ்நாட்டுக்கு வந்து, நம் உணவை உண்டு, நம் மொழியில் தேம்பாவணி பாடியவர். அந்த இத்தாலியர் தமிழகத்தில் அந்நியராக இருந்து தமிழ் கற்றார். இந்தத் தமிழ் இளைஞர்களோ இத்தாலியில் அந்நியராக இருந்தபோது அவரை நினைத்துத் தங்கள் தாய்மொழிக்குத் திரும்பினார்கள்.

1938ஆம் ஆண்டு மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று உரோமையில் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆப்பிரிக்க ஆயரான புனித சிப்பிரியான் காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருக்களைப் பற்றி ஆய்வு செய்து, 1939ஆம் ஆண்டு இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

இத்தகைய பட்டத்தோடு திரும்பிய ஒருவர், இனிப் பிறருக்குக் கற்பிப்பதுதான் தம் பணி என்று எண்ணியிருக்கலாம். ஆனால் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் இணைந்து, வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் பணியாற்றத் தொடங்கியபோது, தாய்மொழியில் தமக்குப் போதிய புலமை இல்லை என்பதை அவர் உணர்ந்தார். ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் வளர்ந்த கல்வி தமிழ் இலக்கியத்தை அவருக்கு அதிகம் காட்டியிருக்கவில்லை. எனவே புனித தேவசகாயம் 1745ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கியம் கற்றார். உரோமையில் முனைவரான கத்தோலிக்கக் குரு, இந்து சமயத்தைச் சேர்ந்த ஒரு தமிழறிஞரின்முன் பணிவோடு அமர்ந்து பாடம் கேட்டார்!

அதோடு நிற்கவில்லை. 1945ஆம் ஆண்டு, 32 வயதில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். முதுகலைப் பட்டம் பெற்றபின், சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆய்வு செய்தார். கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களோடு சங்கப் பாடல்களை ஒப்பிட்டுக் காட்ட அவரால் முடிந்ததென்றால், உரோமைப் படிப்பும் சிதம்பரப் படிப்பும் அவருக்குள் கைகோத்துக்கொண்டதே காரணம். சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்று அழைக்கப்பட்டவர் முன்னோர் பெயரான தனிநாயகம் என்பதைத் தம் பெயராக்கிக் கொண்டார்.

பின்னர் நடந்தவை வரலாறு. 1952ஆம் ஆண்டு தமிழ்ப் பண்பாட்டுக்கென ஆங்கில ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகி, பழந்தமிழரின் கல்விச் சிந்தனை பற்றி ஆய்வு செய்தார். ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக் கிடந்த தமிழ் நூல்களைத் தேடிச் சென்றார். 1554ஆம் ஆண்டு லிஸ்பனில் உரோமை எழுத்துகளில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலைப் பற்றித் தமிழுலகுக்கு எடுத்துரைத்தார். அந்நூலின் உருவாக்கத்திலும், அயல்நாட்டில் வாழ்ந்த மூன்று தமிழ்க் கிறிஸ்தவர்களின் உழைப்பு இருந்தது. 1679ஆம் ஆண்டு அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு 1966ஆம் ஆண்டு மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். 1964ஆம் ஆண்டு சனவரியில் புது டெல்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த அவரது முயற்சியால், 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தது. 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அன்பார்ந்தவர்களே, விவிலியத்தில் தானியேலும் அவருடைய மூன்று தோழர்களும் அயல்நாட்டு மாணவர்களே. பாபிலோன் அரண்மனையில் மூன்று ஆண்டுகள் கல்தேயரின் மொழியையும் எழுத்தையும் கற்கும்படி அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. அவர்கள் அந்தக் கல்வியை மறுக்கவில்லை. அதில் மற்ற எல்லாரையும்விடச் சிறந்து விளங்கினார்கள். ஆனால் மனச்சான்றுக்கு ஒவ்வாத உணவை மறுத்து, காய்கறி உண்டு, தங்கள் கடவுளிடம் சேர்ந்து செபித்தார்கள். கற்க வேண்டியதைக் கற்பது, காக்க வேண்டியதைக் காப்பது, இரண்டையும் தனியாக அல்ல, தோழரோடு செய்வது. தனிநாயகம் அடிகளாரின் மாணவ வாழ்வும் இதே பாதையில்தான் சென்றது.

எனவே வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. சென்ற இடத்தின் மொழியையும் பழக்கத்தையும் திறந்த மனதோடு கற்றுக்கொள்ளுங்கள். அறைக்குள் முடங்கி, கைப்பேசி வழியாக ஊரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தால் அங்கே வேர் பிடிக்க முடியாது. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள ஆலயத்தைத் தேடிச் செல்லுங்கள். மொழி புரியாவிட்டாலும் திருப்பலி நம்முடையதே. நம்பிக்கைக்குரிய நண்பர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் வாசிப்பதை விட்டுவிடாதீர்கள். பெற்றோரே, மதிப்பெண்ணையும் கடன் தவணையையும் மட்டும் பிள்ளையிடம் பேசாதீர்கள். தனிமையாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். படிப்பு கடினமாகி ஓர் ஆண்டு பின்தங்கினால், அதைச் சொல்ல அஞ்சாத வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடக் கூடாது. நம் பிள்ளைகள் தொலைவில் அந்நியர்களாக இருப்பதுபோல, நம் நடுவிலும் அந்நியர்கள் இருக்கிறார்கள். புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள மறுவாழ்வு முகாம்களில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அடிகளாரின் மண்ணிலிருந்து வந்த அந்த மக்களின் பிள்ளைகளும் இங்கே கல்வி கற்கிறார்கள். தொழிற்பேட்டைகளில் வடமாநில இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலர் ஞாயிறன்று நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுடைய பெயரை நாம் கேட்டதுண்டா? கிறிஸ்மஸ் அன்று ஒரு வேளை உணவுக்கு அழைத்ததுண்டா? நம் மகனை அயல்நாட்டில் ஒரு முன்பின் தெரியாத குடும்பம் அன்போடு வரவேற்க வேண்டும் என்று செபிக்கும் நாம், இங்கே அந்த முன்பின் தெரியாத குடும்பமாக இருக்க அழைக்கப்படுகிறோம்.

குழந்தைப் பருவத்திலேயே எகிப்தில் அந்நியராக வாழ்ந்த இயேசு ஆண்டவர், தொலைதூரத்தில் படிக்கும் நம் பிள்ளைகளைக் காப்பாராக. நம்மைத் தேடி வந்தவர்களை ஏற்கும் நல்ல உள்ளத்தையும் நமக்குத் தருவாராக. ஆமென்.