பாரிஸ் இரவின் ஒளிஓவியர் பிரசாய்

பாரிஸ் நகரைப் பாடியோரும் தீட்டியோரும் எண்ணற்றவர். அந்நகரின் இரவை மட்டும் தமக்குரிய பொருளாகத் தெரிந்தெடுத்து, அதனைப் புகைப்படத்தில் நிலைநிறுத்தியவர் பிரசாய். அவர் பாரிசில் பிறந்தவர் அல்லர். பிரெஞ்சு அவருடைய தாய்மொழியும் அன்று. முப்பது வயதை எட்டும்வரை புகைப்படக் கலையை ஒரு கலையாக மதித்தவரும் அல்லர். ஓவியனாகவோ சிற்பியாகவோ எழுத்தாளனாகவோ வாழ விரும்பிய ஒருவரை, அவர் இளக்காரமாக நோக்கிய கருவியே உலகறியச் செய்தது. இந்த முரணை மறந்துவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்ல இயலாது.

1899 செப்டம்பர் 9இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் திரான்சில்வேனியாப் பகுதியில், பிராஷோ என்னும் ஊரில் அவர் பிறந்தார். இன்று அவ்வூர் ருமேனியாவில் பிராஷோவ் என வழங்குகிறது. பெற்றோர் இட்ட பெயர் ஜூலா ஹாலாஸ். தந்தை பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த ஆசிரியர். மகனுக்கு நான்கு வயது நிரம்பும் காலத்தில் குடும்பம் ஓராண்டு பாரிசில் தங்கியது. அந்த ஓராண்டின் நினைவு அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. முதல் உலகப் போரில் குதிரைப்படையில் பணிபுரிந்தார். புடாபெஸ்ட்டிலும் பின்னர் பெர்லினிலும் ஓவியம் பயின்றார். ஹங்கேரிய இதழ்களுக்குச் செய்திகள் எழுதிப் பிழைத்தார். 1924இல் பாரிசுக்கு வந்தவர், பிறகு தாம் பிறந்த ஊருக்கு வாழத் திரும்பவே இல்லை. புரூஸ்டின் நெடிய நாவலைப் படித்துப் படித்தே பிரெஞ்சு மொழியைத் தமதாக்கிக்கொண்டார் என்பர். எளிய வாசகம் எதையும் நாடாமல் அம்மொழியின் மிகக் கடினமான உரைநடையில் தொடங்கிய துணிவு வியக்கத்தக்கது.

பிரசாய் என்ற புனைபெயருக்குப் பிராஷோ ஊரினன் என்பதே பொருள். ஊர்ப்பெயரால் அறியப்பட்ட புலவர் பலரைக் கொண்ட நமக்கு இது புதிதாகத் தோன்றாது. எனினும் அவர் இப்பெயரைச் சூடியதற்கு வேறொரு காரணமும் உண்டு. தம் இயற்பெயரை உயர்ந்த கலைகளுக்கென அவர் ஒதுக்கி வைத்திருந்தார். வயிற்றுப்பாட்டுக்கான வேலைகளுக்குப் புனைபெயர்களே போதும் எனக் கருதினார். ஒதுக்கப்பட்ட பெயர் மறைந்தது. இரவல் பெயர் நின்றது.

செய்தியாளர் பணியே அவரைப் புகைப்படத்தின் பக்கம் தள்ளியது. கட்டுரைகளுக்குப் படங்கள் வேண்டியிருந்தன. 1925இல் பாரிசுக்கு வந்த மற்றொரு ஹங்கேரியரான அந்த்ரே கெர்த்தேஸ் அவருக்குப் படங்கள் எடுத்துக் கொடுத்தார். இருட்டிலும் படம் எடுக்க இயலும் என்பதை அவரோடு நடந்த நாள்களில்தான் பிரசாய் கண்டுகொண்டார். பிற்காலத்தில் இருவருக்கும் இடையே கசப்பு நேர்ந்தது. இரவுப் படக்கலையைக் கற்றுக்கொடுத்தவர் தாமே என்றும், அந்நன்றி உரியவாறு பேசப்படவில்லை என்றும் கெர்த்தேஸ் குறைபட்டுக்கொண்டார். இக்குறையை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆயினும் வழியைக் காட்டியவர் கெர்த்தேஸ் எனின், அவ்வழியில் விடியும்வரை நடந்தவர் பிரசாயே.

அவர் பயன்படுத்திய கருவி ஃபோய்க்ட்லேண்டர் நிறுவனத்தாரின் பெர்க்ஹைல். 6.5 செ.மீ. அகலமும் 9 செ.மீ. நீளமும் உள்ள கண்ணாடித் தகடுகளில் அது படம் பதித்தது. கையில் ஏந்தி நொடியில் சுடக்கூடிய லைக்கா என்னும் சிறு கருவி 1925 முதலே சந்தையில் இருந்தது. கெர்த்தேசும் அதனை வாங்கியிருந்தார். பிரசாய் அந்த வேகத்தை நாடவில்லை. அக்காலத்துத் தகடுகள் ஒளியை மெல்ல மெல்லவே உள்வாங்கின. தெருவிளக்கின் மங்கிய ஒளியில் கையின் சிறு நடுக்கமும் படத்தைக் கெடுத்துவிடும். எனவே முக்கால் தாங்கி ஒன்றைச் சுமந்து திரிந்தார். ஓர் இரவில் 24 தகடுகளுக்கு மேல் எடுத்துச் செல்ல இயலாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கு முன்னும் நின்று, நோக்கி, இது வேண்டுமா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் கவிஞர்கள் இந்த நிலையை எளிதில் உணர்வர்.

நேரத்தைக் கணக்கிட அவர் கையாண்ட முறை சுவையானது. கடிகாரத்தை நம்பாமல் சிகரெட்டை அளவுகோலாக்கினார். ஓரளவு வெளிச்சம் இருந்தால் ஒரு கோல்வாஸ் எரிந்து முடியும் நேரம். இருள் மிகுந்தால் அதனினும் பருத்த புவாயார் எரிந்து முடியும் நேரம். விளக்கின் சுடர் நேராக வில்லையில் பட்டால் படம் வெளுத்துப்போகும். ஆதலால் ஒரு மரத்தின் அடியையோ சுவரின் மூலையையோ விளக்குக்கு முன் நிற்குமாறு இடம் தேர்ந்தார். பிறர் வீட்டுக்குள் ஒடுங்கும் மழையும் மூடுபனியும் அவருக்குத் துணை நின்றன. மூடுபனி ஒளியைப் பரப்பி இருளின் கடுமையைத் தணித்தது. நனைந்த கற்பாவுதளம் விளக்குகளை இரட்டித்துக் காட்டியது. மோன்மார்த்ரின் படிக்கட்டுகள், சேன் ஆற்றுப் பாலங்களின் அடிப்புறம், எரிவாயு விளக்குகளை ஏற்றும் தொழிலாளி, நள்ளிரவில் கழிவுக்குழிகளைத் துப்புரவு செய்வோர் ஆகிய யாவும் அவர் தகடுகளில் சமமான மதிப்புப் பெற்றன. ஒருமுறை நோத்ர தாம் பேராலயத்தின் காவல்காரப் பெண்மணிக்குக் கையூட்டுக் கொடுத்து, விளக்கேதும் இன்றி இருண்ட படிகளில் ஏறி, மேலிருந்து நகரைப் படம் பிடித்ததும் உண்டு.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று கொண்ட மரபில் வந்தவர்க்கு அவர் படங்களை அணுகுவது அரிதன்று. நிலம் பாரிஸ், பொழுது யாமம், எஞ்சியவை அவற்றிலிருந்து தாமே பிறக்கின்றன.

இந்நடைகளில் அவருக்குப் பலமுறை துணையாக வந்தவர் கவிஞர் லியோன்-போல் ஃபார்க். இரவெல்லாம் பாரிசை அளந்து திரிந்த அக்கவிஞரே பின்னாளில், 1939இல், பாரிசின் நடைப்பயணியைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி மில்லரும் உடன் நடந்தவர். பிரசாயைப் பாரிசின் கண் எனப் போற்றிக் கட்டுரை எழுதியவர்.

1932ஆம் ஆண்டின் இறுதியில், 1933 என்ற ஆண்டுக் குறிப்புடன், ‘பாரிஸ் த நுய்’ என்னும் படநூல் வெளிவந்தது. இரவில் பாரிஸ் என்பது அதன் பொருள். 60க்கும் மேற்பட்ட படங்கள், போல் மொரானின் முன்னுரை, சுருள்கம்பிக் கட்டு. பக்கங்களுக்கு வெள்ளை ஓரமே இல்லை. கறுப்பு தாளின் விளிம்புவரை ஓடிற்று. அந்நூல் அவரை ஒரே வீச்சில் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. பில் பிராண்ட் 1938இல் இலண்டனின் இரவைப் பற்றி வெளியிட்ட நூலுக்கு முன்னோடியாக அமைந்ததும் இதுவே.

ஆனால் அவர் கண்ட இரவு முழுவதும் அந்நூலில் இடம்பெறவில்லை. மதுக்கடைகள், விலைமகளிர் இல்லங்கள், பெண்கள் ஆண் உடை தரித்துக் கூடிய மோனோக்கிள் என்னும் விடுதி, அணிகலன்களை அள்ளிப் பூட்டிக்கொண்டு மோன்மார்த்ர் மதுக்கடையில் அமர்ந்திருந்த முதிய பிஜூ ஆகிய இவ்வுலகினுள் அவர் தயங்கித் தயங்கி நுழைந்தார். நுழைந்தபின் நட்புக் கொண்டார். அங்கே மக்னீசியத் தூளை வெடிக்கவைத்தே ஒளி பெற வேண்டியிருந்தது. அந்த வெடியொலிக்காகப் பிக்காசோ அவரைப் பயங்கரவாதி என்று கேலி செய்வதுண்டு. ஒரு கும்பலைப் படம் பிடித்தபோது தம் பணப்பை களவுபோனதை அறிந்தும் அவர் முறையிடவில்லை. களவு அவர்கள் தொழில், படம் தம் தொழில் என்று அமைதி கொண்டார். இப்படங்களில் பெரும்பகுதி நூலாக வெளிவந்தது 1976இல்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவை பெட்டிகளில் உறங்கின.

இங்கு ஒரு வினா எழுகிறது. இப்படங்கள் உண்மையானவையா? தாங்கியை நிறுத்தி, கருவியைப் பொருத்தி, வெடிமருந்தைப் பற்றவைப்பவன் யார் கண்ணுக்கும் தப்ப முடியாது. படத்தில் இருப்போர் அசையாது நிற்க இசைந்தவர்கள். சில படங்களில் நண்பர்களே வேடம் புனைந்து நின்றனர். விலைமகளிர் இல்லத்துப் படம் ஒன்றில் வாடிக்கையாளராகத் தோன்றுபவரும் அவர் நண்பரே. இதனை அறிந்தபின் அவரைக் குறைத்து மதிப்போர் உண்டு. அம்மதிப்பீடு ஏற்கத்தக்கதன்று. கண்டதைக் கண்டவாறே பறிப்பதாக அவர் என்றும் உரிமை கொண்டாடவில்லை. பலமுறை கண்டு மனத்தில் தேங்கியதை மீண்டும் நிகழச் செய்தார். அறியாதவரிடமிருந்து திருடப்பட்ட படத்தைவிட, அறிந்தவர் நிமிர்ந்து நின்று அளித்த படத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. பிஜூவின் பார்வை இதற்குச் சான்று. அவர் பார்க்கப்படுவது மட்டுமின்றிப் பார்க்கவும் செய்கிறார். இருப்பினும், உணர்ச்சி வறண்டு வெறும் நாடகமாக நின்றுவிட்ட படங்களும் சில உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

1940இல் ஜெர்மானியர் பாரிசைக் கைப்பற்றும் வேளையில் அவர் தெற்கே சென்றார். விட்டுவந்த நெகட்டிவ்களைக் காக்கும் பொருட்டு அவ்வாண்டிலேயே திரும்பினார். புகைப்படம் எடுக்க ஆக்கிரமிப்பாளரின் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அதனைக் கேட்க அவர் மறுத்துவிட்டார். தெருக்கள் அவருக்கு மூடப்பட்டன. அந்நாள்களில் பிக்காசோவின் சிற்பங்களைப் படம் எடுப்பதும், பழைய காதலாகிய சித்திரத்துக்கு மீள்வதுமாகக் காலம் கழித்தார். அச்சித்திரங்களுள் முப்பது 1946இல் ஜாக் பிரேவேரின் கவிதையோடு நூலாயின. பிக்காசோவுடன் நிகழ்த்திய உரையாடல்களை அன்றன்று குறித்துவைத்து 1964இல் நூலாக்கினார். ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்மணியின் பேச்சையே முழுமையும் கேட்டு எழுதிய ‘மரியின் கதை’ 1949இல் வந்தது. செவியும் அவருக்குக் கண்ணைப் போலவே கூர்மையாக இருந்ததை அது காட்டும்.

1948இல் ஜில்பெர்த் என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். பாரிஸ் சுவர்களில் பெயரறியாதோர் கீறிய முகங்களையும் இதயங்களையும் முப்பதுகளின் தொடக்கம் முதலே படம் பிடித்து வந்தார். அவை 1956இல் நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகத்தில் தனிக் கண்காட்சியாயின. பிரான்சு அரசு 1978இல் புகைப்படக் கலைக்கான தேசியப் பெரும்பரிசை அவருக்கு வழங்கியது.

இறுதி ஆண்டுகளில் அவர் மீண்டும் தம் முதல் ஆசிரியரிடமே சென்றார். புரூஸ்டின் எழுத்தில் புகைப்படம் பெறும் இடத்தை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். 1984 ஜூலையில் பிரான்சின் தென்கடலோரத்தில் அவர் மறைந்தார். மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். புரூஸ்ட் பற்றிய அந்நூல் 1997இல் அச்சேறியது.