தொட்டியும் தடுப்பணையும்

அரபிக்கடலிலிருந்து எழும் கார்மேகங்கள் சகியாத்திரி மலையின் மேற்குச் சரிவிலேயே தம் நீரில் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகின்றன. மலைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் தக்காணத்து ஊர்களுக்கு எஞ்சியதே கிடைக்கிறது. அதுவும் சில நாள்களில் பெருமழையாக இறங்கி, வயலின் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடை வழியே போய்விடுகிறது. அந்நிலத்தில் பிறந்து, அந்நிலத்தை உழுதவரின் துயரை எழுதியவர் மகாத்மா ஜோதிராவ் புலே. பெண்கல்வியின் முன்னோடி என்றே அவரை நாடு நினைவுகூர்கிறது. நீரைப் பற்றி அவர் எண்ணியதும் செய்ததும் அதே அளவு அறியப்படவில்லை.

ஜோதிராவ் 1827 ஆம் ஆண்டு ஏப்ரல் 11 ஆம் நாள் பிறந்தார். பூவும் காய்கறியும் பயிரிடும் மாலி குலத்தைச் சேர்ந்தது அவருடைய குடும்பம். முன்னோர் பேஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூ வழங்கியதால் புலே என்னும் பெயர் நிலைத்தது. தாய் சிம்னாபாய் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தார். தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டு நின்ற சிறுவன், தந்தை கோவிந்தராவுடன் தோட்டத்தில் இறங்கினான். அவனது அறிவுக்கூர்மையைக் கண்ட அண்டை வீட்டாரான இசுலாமியர் ஒருவரும் கிறித்தவர் ஒருவரும் தந்தையிடம் எடுத்துரைத்ததால், 1841 இல் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் மீண்டும் படிப்பு தொடர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் வீணாகவில்லை. மண்வெட்டி பிடித்து வாய்க்காலில் நீரைத் திருப்பிய அந்தக் கைப்பழக்கமே பிற்காலத்தில் அவர் எழுதிய எழுத்துக்கு அடித்தளமாயிற்று.

1848 இல் மனைவி சாவித்திரிபாயின் துணையோடு புனேயில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். ஊராரின் எதிர்ப்புக்கு அஞ்சிய தந்தை மறு ஆண்டே இருவரையும் வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார். அதன்பின் அவர்கள் ஒடுக்கப்பட்டோர்க்கான பள்ளிகளையும், கைவிடப்பட்ட கைம்பெண்களின் குழந்தைகளுக்கான இல்லத்தையும் நடத்தினர். அவை தனியே விரித்துரைக்கத்தக்கவை.

வீட்டுத் தொட்டி

அக்காலப் புனேயில் நீர் எல்லார்க்கும் பொதுவன்று. தீண்டத்தகாதவர் எனப்பட்டோர் பொதுக்கிணற்றை அணுக இயலாது. கிணற்றருகே நின்று, பிறர் மனமிரங்கி ஊற்றும் நீருக்காகக் காத்திருக்க வேண்டும். கோடையில் அக்காத்திருப்பு நீளும். சில நாள்களில் வெறுங்குடத்தோடு திரும்புவதே நேரும். நீர் இல்லாததால் வரும் தாகம் ஒருவகை. நீர் கண்முன்னே இருந்தும் தீராத தாகம் வேறுவகை.

1868 இல் ஜோதிராவ் தம் வீட்டு வளாகத்தில் இருந்த நீர்த்தொட்டியை அம்மக்களுக்குத் திறந்துவிட்டார். இன்றைய கண்களுக்கு இது சிறு செயலாகத் தோன்றலாம். அன்று அது, தம் சுற்றத்தார் இனி அவ்வீட்டில் நீர் அருந்தமாட்டார் என்பதை அறிந்தே செய்த செயல். அவர் இதற்கென மேடை எதுவும் அமைக்கவில்லை. தொட்டியை மூடாமல் வைத்திருந்தார், அவ்வளவே. ஐந்தாண்டு கழித்து, 1873 செப்டம்பர் 24 இல் அவர் நிறுவிய சத்தியசோதக் சமாஜம் என்னும் உண்மை நாடுவோர் சங்கத்தின் கொள்கை, அதற்கு முன்பே அவ்வீட்டு முற்றத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது எனலாம்.

அணையை அறிந்தவர்

ஜோதிராவ் பிழைப்புக்காக ஒப்பந்தத் தொழிலும் செய்தார். புனேக்கு அருகே மஞ்சரியில் 60 ஏக்கர் நிலத்தில் பயிரிட்டார். 1870களில் புனேயை அடுத்து ஆற்றின் குறுக்கே அரசு பேரணை ஒன்றை எழுப்பியபோது அதற்கான கட்டுமானப் பொருள்களை வழங்கியவர்களுள் அவரும் ஒருவர். கல்லும் சுண்ணாம்பும் எங்கிருந்து வருகின்றன, கூலியாள் கையில் எவ்வளவு சேர்கிறது, இடையில் யார் யார் பையில் எவ்வளவு தங்குகிறது என்பனவெல்லாம் அவர் நேரில் கண்டவை.

1876 முதல் 1878 வரை தக்காணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அதே பஞ்சம் சென்னை மாகாணத்தையும் சூறையாடியது. தமிழ் மக்கள் அதைத் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் சொல்கின்றனர். 1877 இல் சத்தியசோதக் சமாஜம் புனேக்கு அருகே தனக்கவாடியில் முகாம் அமைத்துப் பசித்த குழந்தைகளுக்கு உணவளித்தது. கஞ்சித் தொட்டி ஓர் ஆண்டின் பசியைத்தான் ஆற்றும். அடுத்த பஞ்சம் வராதிருக்க மண்ணுக்கு என்ன செய்வது என்னும் கேள்வி அவரை விடவில்லை.

அக்கேள்விக்கான விடை 1883 இல் எழுதி முடித்த நூலில் உள்ளது. உழவனின் சாட்டை எனப் பொருள்படும் தலைப்புடைய அம்மராத்தி நூலில், கடன், வரி, சடங்குச் செலவு, அலுவலரின் கையூட்டு என உழவரை வீழ்த்தியவை யாவும் கணக்கெடுக்கப்படுகின்றன. காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் வனத்துறை வளைத்துக்கொண்டதால் கால்நடை குறைந்தது. கால்நடை குறைந்ததால் எரு குறைந்தது. எருவற்ற மண்ணை மழை எளிதில் அரித்தது என்று அவர் காரணத்தைத் தொடராகக் காட்டினார்.

தீர்வு கூறும் பகுதியில் அவருடைய உழவர் கண் நன்கு விழித்திருக்கிறது. பேரணைக்குப் பொருள் கொடுத்த மனிதர், பேரணைகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. வேலையின்றி இருக்கும் படைவீரரையும் காவலரையும் கொண்டு, சரிவுகளில் வரப்பும் சிற்றணையும் கட்ட வேண்டும் என்றார். மலையிலிருந்து இலைதழையும் சத்தும் கரைத்துவரும் நீர் முதலில் வயலில் நின்று ஊற வேண்டும். அதன்பிறகே ஓடையையும் ஆற்றையும் சேர வேண்டும். மலையிடுக்குகளில் இயன்ற இடமெல்லாம் குளமும் ஏரியும் அமைந்தால், கீழேயுள்ள கிணறுகளில் நீர் வற்றாது. குளத்து வண்டலை முன்போலவே உழவர் அள்ளிச்செல்ல விட வேண்டும். மேய்ச்சல் நிலத்தை ஊருக்கே திருப்பித் தர வேண்டும். வாய்க்கால் நீருக்குத் தீர்வை வாங்கும் அரசு, அந்நீர் உரிய காலத்தில் வயலுக்கு வந்து சேர்கிறதா என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். படைவீரர் வெளியில் இறங்கி உழைத்தால் அவர்கள் உடல்நலமும் தேறும் என்று அவர் சேர்த்துக்கொண்டதில் சற்றே குறும்பும் உண்டு.

ஏரியில் வண்டல் எடுத்து வயலுக்கு அடித்தலும் குடிமராமத்தும் தமிழ் உழவர்க்குப் பழகியவை. ஊறிய பின் ஓடும் நீரின் அருமை கடலோரத்தாருக்கும் உரியதே. பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்து மீனவரின் வலையில் விழும் இறாலும் மீனும், உப்புநீரோடு ஆரணியாறு முதலியவை கொண்டுவரும் நன்னீர் கலப்பதைச் சார்ந்தே பெருகுகின்றன. மேட்டுநிலத்தில் மழை எப்படி நடத்தப்படுகிறது என்பது கழிமுகம் வரை எட்டும்.

நூலின் பகுதிகளை ஜோதிராவ் ஊர் ஊராகச் சென்று உழவர் கூட்டங்களில் படித்துக் காட்டினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் முன்னும் படித்தார். ஆயினும் நண்பர்கள் நடத்திய தீனபந்து இதழே முதல் இரு பகுதிகளோடு வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. அரசு சினங்கொள்ளுமோ என்னும் தயக்கம் அவ்வளவு வலிதாயிருந்தது. சிற்றணைகள் கட்டப்படவில்லை. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு கடந்து, 1972 இன் கொடிய வறட்சியில்தான் மராட்டிய மண்ணில் துயர்தணிப்பு வேலையாகச் சரிவு வரப்புகளும் ஊறல் குளங்களும் பெருமளவில் எழுந்தன.

1888 இல் கன்னாட்டுக் கோமகனுக்குப் புனேயில் அளிக்கப்பட்ட விருந்துக்கு ஜோதிராவ் ஏழை உழவனின் உடையில் சென்றார். அணிமணி பூண்டு அமர்ந்திருப்போரை நாட்டு மக்களாகக் கருதிவிட வேண்டா, கிழிந்த துணி உடுத்த சிற்றூராரே நாடு என்று அங்கே எடுத்துரைத்தார். அவ்வாண்டு மே 11 இல் மும்பை மக்கள் அவருக்கு மகாத்மா என்னும் பட்டம் வழங்கினர். சில திங்களில் பக்கவாதம் தாக்கி வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகித் தம் இறுதி நூலை முடித்தார். 1890 நவம்பர் 28 இல் அவர் மறைந்தார்.

தம் உடலை வீட்டு வளாகத்திலேயே உப்பிட்டுப் புதைக்க வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். குடியிருப்புப் பகுதி என்று கூறி நகராட்சி இசையவில்லை. உடல் எரியூட்டப்பட்டது. அக்காலத்தில் பெண்கள் செய்யாத கடமையாகிய கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னடத்தலைச் சாவித்திரிபாயே செய்தார். பின்னர் அவருடைய சாம்பலை எடுத்துவந்து, ஒருகாலத்தில் எல்லார்க்கும் நீர் வழங்கிய அந்த வீட்டு முற்றத்திலேயே சேர்த்தார்.