வாசிங்டன் இர்விங்

வாசிங்டன் இர்விங் 1783ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் நியூயார்க்கு நகரில் பிறந்தார். அமெரிக்க விடுதலைப் போர் முடிவுற்ற ஆண்டு அது. போரில் வென்ற படைத்தலைவர் வாசிங்டனின் பெயரையே பெற்றோர் தம் மகனுக்கு இட்டனர். இர்விங் சட்டம் பயின்றாரேனும் அவர் உள்ளம் எழுத்திலேயே ஊன்றியிருந்தது. குடும்ப வாணிகம் நொடித்தபின் எழுதுகோலே அவருக்கு வாழ்வளித்தது.

1826இல் அவர் எசுப்பானிய நாடு சென்று, பழைய ஆவணங்களை ஆராய்ந்து கொலம்பசின் வரலாற்றை எழுதினார். 1829ஆம் ஆண்டு மே திங்களில் அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள கிரானடா நகரை அடைந்தார். அந்நகரின் குன்றின்மேல், மூர் இன மன்னர்கள் எழுப்பிய அல்கம்பிரா என்னும் அரண்மனை நிற்கிறது. 1492இல் போவப்தில் என்னும் மன்னன் அதனை எசுப்பானிய அரசரிடம் ஒப்புவித்து வெளியேறினான். 1812இல் பிரெஞ்சுப் படையினர் பின்வாங்கியபோது அதன் கோபுரங்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தனர். இர்விங் சென்ற காலத்தில் மாளிகை பாழ்பட்டுக் கிடந்தது. ஏழை மக்கள் அதன் மூலைமுடுக்குகளில் குடியிருந்தனர். ஆளுநரின் இசைவு பெற்று இர்விங்கும் அங்கேயே தங்கினார். ஒதுக்கமான அறையொன்றிற்கு மாறிய முதல் இரவில் அச்சம் அவரை வாட்டியது. சின்னாட்களில் நிலவொளி பரவ, அவ்வச்சம் நீங்கிற்று.

அங்கு மத்தேயோ என்னும் ஏழை ஒருவன் இருந்தான். கந்தலாடை உடுத்த அவன், தன்னை அல்கம்பிராவின் மைந்தன் என்று பெருமையுடன் கூறிக்கொள்வான். அழையாமலே வழிகாட்டியாய் வந்து சேர்ந்தான். கோட்டை வாயிலின் வெளி வளைவில் ஒரு கையும், உள் வளைவில் ஒரு திறவுகோலும் செதுக்கப்பட்டுள்ளன. மந்திரம் வல்ல மன்னன் ஒருவன் அக்கோட்டையைக் கட்டினான் என்பதும், அக்கை நீண்டு திறவுகோலைப் பற்றும் நாளில் கோட்டை சரிந்து புதைபொருள்கள் வெளிப்படும் என்பதும் அவ்வூரார் வழங்கிய கதை. இத்தகைய கதைகள் மத்தேயோவிடம் எண்ணில. அவற்றை அவன் ஐயமின்றி நம்பினான். இர்விங் நம்பினாரல்லர், எனினும் எள்ளி நகையாடவும் இல்லை. ஆவணங்களில் தோய்ந்த அப்புலவர், எழுத்தறியா மக்களின் வாய்மொழிகளையும் கருத்தூன்றிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர்தம் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இலண்டன் தூதரகத்தில் பணி கிடைக்கவே, சூலைத் திங்களில் பிரிய மனமின்றிப் புறப்பட்டார். 1832இல் அவருடைய அல்கம்பிராக் கதைகள் வெளிவந்தன. அவற்றைப் படித்தோர் பலர் அம்மாளிகையைக் காண விழைந்து கிரானடாவை நாடினர். 1870இல் எசுப்பானிய அரசு அதனை நாட்டின் நினைவுச் சின்னமாக அறிவித்தது. இதற்கிடையே, 1842 முதல் 1846 வரை இர்விங் அந்நாட்டில் அமெரிக்கத் தூதராகவும் விளங்கினார். 1859ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் தம் தாய்நாட்டில் மறைந்தார்.

அரண்மனையில் அவர் தங்கிய அறைகளின் வாயிலருகே, அங்கிருந்து அவர் எழுதியதைக் கூறும் கற்பலகையை இன்றும் காணலாம்.