யார் இந்த பேடன் பவல்? சாரணர் இயக்கம் பிறந்த கதை

காக்கிச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் மேப்பும் திசைகாட்டியும்... சாரணர்னு சொன்னதும் நினைவுக்கு வர்ற இந்த உருவத்துக்குப் பின்னால் இருப்பவர், 1857-ல் லண்டனில் பிறந்த ராணுவ அதிகாரி ராபர்ட் பேடன் பவல். உளவு பார்க்கப் போன இடத்தில் பட்டாம்பூச்சி பிடிப்பவர் போல நடித்து, அதன் இறக்கைக் கோடுகளுக்குள் கோட்டையின் வரைபடத்தை ஒளித்து வரைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். கில்லாடிதான்!

ராணுவ வீரர்களுக்காக அவர் எழுதிய வேவு நூலை, சிறுவர்கள் விரும்பிப் படிக்க ஆரம்பிச்சாங்க. 1907-ல் பிரவுன்சீ தீவில் சுமார் 20 பசங்களோடு முகாம் போட்டார். அடுத்த வருஷமே சிறுவர்களுக்கெனத் தனிப் புத்தகம்.

ஆனா, 1909-ல் இந்தியாவுக்கு வந்த சாரணர் இயக்கத்தில் இந்தியப் பசங்களுக்கு இடமில்லை. இதனால் அன்னி பெசன்ட் 1916-ல் மெட்ராஸில் தனி இயக்கம் தொடங்கினார். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோதுதான் அது அவருடைய அமைப்போடு இணைந்தது. 1941-ல் கென்யாவில் அவர் காலமானார்.