பவரா, மஸிலா? ரெண்டிலும் ஜெயிச்ச ஜான் கிரிமெக்!

ஜிம்முக்குப் போற பலருக்கும் வர்ற குழப்பம்தான்: பலத்தைக் கூட்டுறதா, மஸில் ஏத்துறதா? 1910-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்த ஜான் கிரிமெக், ரெண்டையும் சேர்த்தே செய்தார்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பளுதூக்குதல் ஹெவிவெயிட் பிரிவில் 9-வது இடம். அதே உடம்போடு 1940, 1941 என அடுத்தடுத்து 'மிஸ்டர் அமெரிக்கா' பட்டம். இவர் இருந்தா மத்தவங்களுக்கு சான்ஸே இல்லை என்ற நிலை. அதனால், ஒருமுறை ஜெயிச்சவர் மறுபடி போட்டியிட முடியாதுன்னு விதியையே மாத்தினாங்க!

1948-ல் லண்டனில் நடந்த 'மிஸ்டர் யுனிவர்ஸ்' போட்டியில், தன்னைவிட 15 வயதுக்கும் மேல் இளையவரான ஸ்டீவ் ரீவ்ஸை முந்தினார். அப்போது கிரிமெக்குக்கு வயது 38. 1998-ல் மறைந்தார்.

அதிக எடையைக் குறைந்த தடவை தூக்கினால் பலம் கூடும்; மிதமான எடையைப் பல தடவை தூக்கினால் தசை வளரும். ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதற்கு கிரிமெக்கின் வாழ்க்கையே சாட்சி.