வணிகர்க்குக் குரல் தந்த வால்சந்த் ஹிராசந்த்

வணிகம் தனி மனிதரின் முயற்சியால் தொடங்குகிறது. ஆனால் தனி மனிதரின் வலிமையால் மட்டும் அது நிலைபெறுவதில்லை. இவ்வுண்மைக்குச் சான்றாக நம் நாட்டுத் தொழில் வரலாற்றில் விளங்குபவர் சேட் வால்சந்த் ஹிராசந்த். கப்பல், விமானம், மோட்டார் வாகனம் ஆகிய துறைகளின் முன்னோடியாக அவரை நாம் அறிவோம். வணிகர் சபைகளை வளர்த்தவர் என்னும் அவருடைய மற்றொரு சிறப்பு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அதனையே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

குஜராத்திலிருந்து மகாராஷ்டிரத்தில் குடியேறிய ஜைனக் குடும்பம் ஒன்றில், சோலாப்பூரில், 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பருத்தி வணிகமும் கொடுக்கல் வாங்கலும் குடும்பத் தொழில்கள். இளைஞரான வால்சந்தின் உள்ளம் அவற்றில் ஈடுபடவில்லை. ரயில்வே எழுத்தராக இருந்த பாடக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து ரயில் பாதை ஒப்பந்தப் பணிகளை மேற்கொண்டார். கட்டுமானத் துறையில் அவர் பெயர் விரைவில் நிலைபெற்றது.

முதல் உலகப் போர் முடிந்த வேளையில், குவாலியர் மகாராஜாவுக்குரிய ‘லாயல்ட்டி’ என்னும் நீராவிக் கப்பலை வால்சந்தும் நண்பர்களும் விலைக்கு வாங்கினர். நரோத்தம் மொரார்ஜி முதலியோருடன் இணைந்து சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அக்கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளே 1964 முதல் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

ஆனால் கப்பல் வாங்குவதினும் சரக்குப் பெறுவது கடினமாக இருந்தது. கடலோர வாணிபம் ஆங்கிலேய நிறுவனங்களின் பிடியில் இருந்தது. தங்கள் கப்பல்களிலேயே தொடர்ந்து சரக்கு அனுப்பும் வணிகருக்கு அவை கட்டணத்தில் ஒரு பகுதியைச் சில மாதங்கள் கழித்துத் திருப்பித் தந்தன. இடையில் ஒரு மூட்டையை வேறு கப்பலில் ஏற்றினாலும் சேர்ந்திருந்த தள்ளுபடி முழுவதும் போய்விடும். இந்நிலையில் நாட்டுப்பற்று மிகுந்த வணிகரும் சுதேசிக் கப்பலை நாடத் தயங்கினர். அத்துடன் கட்டணக் குறைப்புப் போட்டியும் மூண்டது. தூத்துக்குடியில் 1906இல் வ.உ.சிதம்பரனார் நிறுவிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தை எதிர்த்து நின்ற அதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனமே இங்கும் எதிர் நின்றது. வ.உ.சி. 1908இல் சிறை புகுந்தார். அவருடைய நிறுவனம் 1911இல் மறைந்தது. அத்தகைய முடிவு தமக்கும் நேரலாம் என்பதைச் சிந்தியா நிறுவனத்தார் அறிந்தே இருந்தனர். 1923இல் எதிரியுடன் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டு, கப்பல்களின் அளவுக்கும் வழித்தடங்களுக்கும் வரம்பை ஏற்று, அந்நிறுவனம் உயிர் பிழைத்தது.

எவ்வளவு பெரிய வணிகராயினும் தனித்து நின்றால் வலிமை குன்றியவரே என்பதை இவ்வனுபவம் உணர்த்தியது. பம்பாயில் 1836இல் தோன்றிய வணிகர் சபை பெரும்பாலும் ஐரோப்பியரின் நலனையே பேணி வந்தது. இந்தியருக்கென 1907இல் இந்திய வணிகர் சபை தோன்றியது. சென்னையில் 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை தோன்றியதும் இத்தகைய தேவையினாலேயே. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குப் பின் பம்பாய் இந்திய வணிகர் சபைக்கு மத்திய சட்டசபையில் ஓர் இடமும் கிடைத்தது. கடைத்தெருவின் முறையீடு ஆட்சி மன்றத்தை எட்ட ஒரு வழி பிறந்தது.

அச்சபையின் தலைமைப் பொறுப்பை வால்சந்த் 1927இல் ஏற்றார். ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என அரசு சட்டமாக்கிய ஆண்டு அது. 1 ஷில்லிங் 4 பென்ஸ் போதும் என்பது இந்திய வணிகரின் வாதம். வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் ஒரு பவுண்டு மதிப்புள்ள பருத்தியை வெளிநாட்டுக்கு விற்றவருக்கு 15 ரூபாய் கிடைக்க வேண்டிய இடத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பையே கிடைத்தது. இறக்குமதித் துணியோ மலிவாயிற்று. இத்தகைய நுட்பமான கணக்கை ஒரு சிறு வணிகர் தனியே ஆராய்ந்து அரசிடம் வாதிட இயலாது. புள்ளிவிவரம் திரட்டுவதும், மனு வரைவதும், பிரதிநிதிகளை அனுப்புவதும் சபையின் பணிகளாயின.

அவ்வாண்டிலேயே வால்சந்த் மகாராஷ்டிர வணிகர் சபையையும் தோற்றுவித்தார். மாவட்டங்களில் வாழும் வணிகரும் சிறு தொழில் செய்வோரும் பம்பாயின் பெருஞ்செல்வரோடு சமமாக அமர்ந்து பேச இயலாதிருந்த காலம் அது. ரயில் சரக்குக் கட்டணமும் வரியும் அவர்களையும் வருத்தின, எடுத்துரைப்பார் இல்லை. சோலாப்பூரின் மைந்தருக்கு இக்குறை நன்கு தெரியும். சபைகளைத் தம் கப்பல் நிறுவனத்தின் நலனுக்கே அவர் பயன்படுத்தினார் எனக் கூறுவோர் இருக்கலாம். அந்நலன் அவர் கண்ணில் இருந்தது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் தமக்குக் கிடைத்த குரல் உள்ளூர் வணிகர்க்கும் கிடைக்க வேண்டுமென அவர் முயன்றதை மறத்தல் தகாது.

காந்தியடிகளின் அறிவுரையை ஏற்று 1927இல் அமைந்த இந்திய வர்த்தக, தொழிற் சபைகளின் கூட்டமைப்புக்கும் 1932-33இல் அவர் தலைவரானார். கடலோர வாணிபத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்பது அவர் இடைவிடாது வலியுறுத்திய கோரிக்கை. இதற்கான மசோதாவை 1928இல் ஹாஜி என்னும் உறுப்பினர் மத்திய சட்டசபையில் கொணர்ந்தார். இந்திய வணிகர் சபைகள் துணை நின்றன. ஆயினும் அது சட்டமாகவில்லை. சுதந்திரத்துக்குப் பின்னரே அக்கோரிக்கை நிறைவேறியது. சபையின் முயற்சி உடனே பலன் தராது. ஆனால் ஒரு நிறுவனத்தின் குறையை நாட்டின் கோரிக்கையாக மாற்றிவிடும் என்பதை இதனால் அறிகிறோம்.

பெங்களூரில் 1940இல் விமானத் தொழிற்சாலையையும், விசாகப்பட்டினத்தில் 1941இல் கப்பல் கட்டும் தளத்தையும், 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தையும் அவர் தொடங்கினார். விசாகப்பட்டினத்தில் உருவான ‘ஜல உஷா’ கப்பலை 1948இல் பிரதமர் நேரு நீரில் இறக்கி வைத்தார். உடல்நலம் குன்றி 1950இல் பொறுப்புகளிலிருந்து விலகிய வால்சந்த், 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் குஜராத்தின் சித்தபூரில் இயற்கை எய்தினார்.

சிந்தியா நிறுவனத்தின் கப்பல்கள் இன்று கடலில் இல்லை. விமானத் தொழிற்சாலையும் கப்பல் தளமும் அரசுடைமையாயின. அவர் தோற்றுவித்த மகாராஷ்டிர வணிகர் சபையோ தொழிலையும் வேளாண்மையையும் தன் பெயரில் இணைத்துக்கொண்டு இன்றும் இயங்கி வருகிறது. நம்முள் வணிகம் செய்வோர் பலர். தம் ஊர்ச் சங்கத்தின் கூட்டத்துக்குச் செல்வோர் சிலரே. சந்தா செலுத்துவதோடு கடமை முடிந்ததெனக் கருதாமல், நம் அண்டைக் கடைக்காரரின் குறையையும் நம் குறையாகக் கொண்டு சபையில் எடுத்துரைப்போமாக. அதுவே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.