தமிழுக்கு விசை கண்ட முத்தையா

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே 1886ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் பிறந்த இராமலிங்கம் முத்தையாவைத் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் தந்தை என்று நாம் போற்றுகின்றோம். பட்டம் பெரிதுதான். ஆயினும் அவர் செய்தது யாதென்று வினவினால் நம்மிற் பலர் விடை சொல்லத் தயங்குவர். தமிழெழுத்தைப் பொறியில் ஏற்றினார் என்பதோடு நிறுத்திவிடுகின்றோம். எதை ஏற்றினார், எதை விடுத்தார், யாருடைய விரலை எண்ணி அவ்வாறு செய்தார் என்பதே நான் இங்குச் சொல்ல விழைவது.

ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞருக்கு அந்நாளில் மலாயாவே பொன்விளையும் பூமி. முத்தையாவும் 1907இல் கப்பலேறினார். சிங்கப்பூரில் ஒரு வர்த்தக நிறுவனத்திலே இலிகிதர் உத்தியோகம். 1930 வரை அவ்வாழ்வு. அவரைப்போற் கடல் கடந்தோர் பலர் ஓய்வூதியமும் கல்வீடுமாகத் திரும்பினர். அது குற்றமன்று. இவருக்கோ, நாள்தோறும் தாம் தட்டிய ஆங்கிலப் பொறி ஒரு கேள்வியாகவே கண்முன் நின்றது. இருபத்தாறு எழுத்துடைய மொழிக்கு அமைந்த கருவி, இருநூற்று நாற்பத்தேழு எழுத்துடைய மொழிக்கு ஏன் ஆகாது?

பொறியில் இருந்தவை நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளே. ஒரு விசைக்கு இரண்டு வடிவம் என்று கொண்டாலும் தொண்ணூறைத் தாண்டுவது அரிது. ஆகவே 247 எழுத்துக்களையும் பொறிக்க முனைவதை விடுத்து, அவற்றை ஆக்கும் உறுப்புக்களை அவர் தேடினார். கொம்பு, ககரம், கால் என மூன்றையும் முறையே தட்டினால் ‘கொ’ தானே அமையும். அதற்குத் தனி விசை வேண்டா. கையெழுத்தும் அந்த ஒழுங்கிலேயே செல்வதால் எழுதுவோருக்குப் புதிதாய்க் கற்க யாதுமில்லை. ‘கு’, ‘து’, ‘மு’ போன்றவற்றின் கதை வேறு. ஒவ்வொன்றும் தன் மெய்யோடு பின்னிப் பிணைந்து உருமாறுவதால் அவற்றைத் தனித்தனியே வைத்தல் தவிர்க்கவொண்ணாதது.

இனிப் புள்ளிக்கு வருவோம். பொறியில் ஒரு விசையைத் தட்டியதும் தாளைத் தாங்கும் உருளை ஓரிடம் நகர்ந்துவிடும். ககரத்தை அடித்தபின் புள்ளியிட வேண்டுமாயின் மீண்டும் பின்னே தள்ளவேண்டும். தமிழில் வரிக்கு எத்தனை புள்ளிகள்! ஒவ்வொன்றுக்கும் பின்வாங்குவதானால் பேனாவே மேல் என்று எவரும் பொறியை மூடிவைத்திருப்பர். முத்தையா கையாண்ட வழி நகரா விசை. புள்ளியை முன்னர் அடித்தால் உருளை அசையாது. பின்னர் அடிக்கும் ககரம் அதன்கீழ் வந்தமரும். பிரெஞ்சு முதலிய மொழிகளின் மேற்குறிகளுக்கு ஐரோப்பியர் முன்பே பயன்படுத்திய உபாயம்தான். ஆனால் அங்கே அது சிற்சில சொற்களுக்கு. இங்கோ மொழியின் உயிர்நாடிக்கே.

முதல் உலகப் போர் ஓய்ந்தபின் ஜேர்மனியின் திறெஸ்டென் நகரத்துச் சைடல் - நௌமான் ஆலை வாயிலாக அவர் பொறிகள் வெளிவந்தன. வேலையை விட்டு, அதனையே தொழிலாக்கிக்கொண்டார். 1939இல் மீண்டும் போர் மூண்டது. பிரித்தானிய ஆட்சியிலிருந்த சிங்கப்பூருக்கு ஜேர்மானியச் சரக்கு வருவது அற்றது. 1945 பெப்ரவரியில் திறெஸ்டென் நகரே குண்டுவீச்சிற் கருகியது.

பின்னர் வேறு நிறுவனங்களும் தமிழ்ப் பொறி செய்தன. 1956இல் தமிழகம் தமிழை ஆட்சிமொழியாக்கியதும் தட்டெழுத்துப் பயிற்சி அங்கே ஒரு பிழைப்பாயிற்று. யளனகபக என்னும் பொருளற்ற முதற்பாடம் ஆயிரமாயிரம் இளைஞரின் விரலில் ஊறியது. அதே 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. பொறியை ஈன்ற மண்ணில் அதற்கு அலுவலகக் கதவு அடைபட்டது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை காத்திருந்தோம். இக்கொடுமையை வரலாற்றாசிரியர் இன்னும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் கருத்து.

மன்னார்ப் பெருநிலத்தில் எங்கள் இலுப்பைக்கடவையிலிருந்து பூநகரி வீதியே சென்று, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்தால், அவர் பிறந்த சுண்டிக்குளி தொலைவன்று. போரில் இடம்பெயர்ந்து மீண்டவர்கள் காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றுக்கும் இங்கே மனு எழுதியபோது அவை கணினியில் தட்டப்பட்டன. பழைய தட்டெழுத்தாளர் ஒருவர் புள்ளியை முன்னே தட்டுவார். அவரருகே அமர்ந்த மாணவியோ மெய்யை முன்னே தட்டிப் புள்ளியைப் பின்னே வைப்பாள். கணினிக்கு உருளை இல்லை. புள்ளியை முந்தவேண்டிய தேவையும் இல்லை. 2008இல் இலங்கை ஏற்ற இரங்கநாதன் விசைப்பலகை, மெய்யை முன்னும் புள்ளியைப் பின்னும் தட்டச் சொல்கின்றது. அதுவே இயற்கை. ஆயினும் நாற்பதாண்டு பழகிய விரலைப் பிழையென்று கணினி மறுப்பது முறையாகாது. பழைய வரிசையையும் ஏற்று, இரண்டிலிருந்தும் ஒரே ‘க்’ எழுத்தைத் திரையில் உடனே காட்டும் மென்பொருள்கள் இன்று உள. அந்த முதியவரின் கணினியில் அவ்வாறொன்றை நிறுவிக் கொடுத்தோம். மனு ஒன்றுக்கு அவர் எடுத்த நேரம் பாதியாயிற்று.